ஆயிரம் கைகள், ஒரே நிரல்

நுழையும்முன்

பலர் கூடிச் சுவர் எழுப்பும்போது ஒருவர் வைத்த செங்கல் கோணலாக இருந்தால், அருகில் இருப்பவர் கண்ணுக்கு அது உடனே புலப்படும். பலர் கூடி மென்பொருள் எழுதும்போதோ, ஒருவர் செய்த பிழை மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல், நிரல் இயங்கும் நாள்வரை ஒளிந்திருக்கும். ஒருவரையொருவர் நேரில் கண்டிராத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் ஒரு நிரலை எவ்வாறு நம்புவது? அந்த நம்பிக்கையை நாள்தோறும் ஈட்டுவதற்கு மனிதர் அமைத்துக்கொண்ட ஏற்பாட்டை இப்பாடம் விளக்குகிறது.

நாற்பது நொடிகளில் நேர்ந்த இழப்பு

1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் 'ஏரியான் 5' ஏவூர்தி தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 40 நொடிகளில் அது பாதை விலகி, வானிலேயே சிதறியது. பூமியைச் சூழ்ந்துள்ள காந்தப்புலத்தை ஆராய்வதற்காக அதில் வைக்கப்பட்டிருந்த 4 செயற்கைக்கோள்களும் அழிந்தன.

ஆய்வுக்குழு கண்டறிந்த காரணம் வியப்பளிப்பது. பழுது பொறியிலும் இல்லை, எரிபொருளிலும் இல்லை. ஏவூர்தியின் திசையையும் வேகத்தையும் கணக்கிடும் கருவிக்குள் இருந்த ஒரு மென்பொருள், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணைச் சிறிய இடத்தில் எழுத முயன்றது. 64 இருமங்களில் இருந்த அந்த எண்ணை 16 இருமங்களுக்குள் அடக்க வேண்டியிருந்தது. 16 இருமங்களில் குறியுடன் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. வந்த எண்ணோ அதனினும் பெரியது. நாழி கொள்ளும் கலத்தில் குறுணியை ஊற்றியதற்கு இது ஒப்பாகும். கருவி செயலிழந்தது. அதற்குத் துணையாக வைக்கப்பட்ட மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருளே இருந்தமையால், அதுவும் அவ்வாறே செயலிழந்தது.

அந்த மென்பொருள் புதிதாக எழுதப்பட்டதன்று. முந்தைய 'ஏரியான் 4' ஏவூர்தியில் பிழையின்றிப் பணியாற்றியது. ஆனால், புதிய ஏவூர்தி பழையதைவிட விரைவாகக் கிடைமட்ட வேகம் பெறுவது. அப்புதிய பயணப் பாதையின் எண்களைக் கொண்டு அக்கருவி ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை. அந்தச் சோதனை நடந்திருந்தால் பிழை தரையிலேயே வெளிப்பட்டிருக்கும். கேட்கப்பட வேண்டிய ஒரு வினா கேட்கப்படாமல் போனதே இழப்புக்குக் காரணம். மென்பொருள் சோதனை என்பது இத்தகைய வினாக்களை மறவாமல் கேட்கும் கலையே.

பலர் எழுதும் ஒரே ஏடு

கணினிக்கு நாம் எழுதித்தரும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். மனிதர் படித்து அறியக்கூடிய வடிவில் எழுதப்படும் அக்கட்டளைகளை மூலநிரல் என்பர். இன்றைய பெரிய மென்பொருள்களின் மூலநிரல் பல இலட்சம் வரிகளைக் கொண்டது. அதனைத் தனியொருவர் எழுதுவதும் இயலாது; முழுவதையும் ஒருவர் நினைவில் வைத்திருப்பதும் இயலாது. ஆகவே, வேறு வேறு நாடுகளில், வேறு வேறு நேரங்களில் விழித்திருக்கும் பலர் ஒரே நிரலை எழுதுகின்றனர்.

ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் காலந்தோறும் செய்த மாற்றங்கள் பாடவேறுபாடுகளாக நமக்கு வந்துசேர்ந்தன. பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டு அவற்றைத் தெளிந்தனர். எனினும், ஒரு சொல்லை மாற்றியவர் யார், எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார் என்பவற்றை அறிய அவர்களுக்குப் பெரும்பாலும் வழியில்லை. மென்பொருள் உலகில் இம்மூன்றையும் தவறாது பதிந்துவைக்கும் ஏற்பாட்டுக்குப் பதிப்பு மேலாண்மை என்று பெயர். 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இத்தகைய கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படும் 'கிட்' என்னும் கருவியை, லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பலர் கூடி எழுதுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உருவாக்கினார்.

'கிட்' கருவியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் நிரலின் முழு வரலாற்றையும் தம் கணினியில் வைத்துக்கொள்ள இயலும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் ஒரு நீண்ட அடையாளக் குறி உண்டு. பழைய பதிவில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அக்குறி மாறிவிடும். எனவே, வரலாற்றை மறைவாகத் திருத்துவது அரிது. புதிய பகுதியை எழுத விரும்புபவர், பொது நிரலிலிருந்து தமக்கென ஒரு கிளையைப் பிரித்துக்கொண்டு அதில் எழுதுவார். முடிந்ததும் அதனை மீண்டும் பொது நிரலோடு இணைப்பார்.

இணைக்கும் இடத்தில்தான் இடர் தொடங்குகிறது. இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், கருவியே அதனைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். ஆனால், எல்லா முரண்களும் ஒரே வரியில் நிகழ்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கிலோமீட்டரில் தரும் ஒரு நிரல்பகுதி இருக்கிறது. ஒருவர் அதனை மீட்டரில் தருமாறு மாற்றி, அதனைப் பயன்படுத்தும் பிற பகுதிகளையெல்லாம் பொறுப்புடன் திருத்திவிடுகிறார். அதே நாளில் மற்றொருவர், விடை கிலோமீட்டரில் வரும் என்னும் எண்ணத்தில் புதிய பகுதியொன்றை வேறொரு கோப்பில் எழுதுகிறார். தனித்தனியே பார்த்தால் இருவர் பணியும் சரியானதே. இணைத்துப் பார்த்தால் விடை ஆயிரம் மடங்கு பிழையாகிறது. இருவரும் ஒரே வரியைத் தொடாததால் பதிப்பு மேலாண்மைக் கருவி எதையும் கூறுவதில்லை.

இது வெறும் கற்பனை அன்று. 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் செவ்வாய்க் கோளை நெருங்கிய நாசாவின் விண்கலம் ஒன்று, ஒரு குழு பிரித்தானிய அலகிலும் மற்றொரு குழு மெட்ரிக் அலகிலும் கணக்கிட்டதால் பாதை தவறி அழிந்தது. இரு குழுக்களும் திறமை மிக்கவையே. அவர்கள் பணி ஒன்றுசேரும் இடத்தைச் சோதிக்கும் ஏற்பாடுதான் குறைவாக இருந்தது.

நிரலிடம் கேட்கும் வினாக்கள்

நிரலைச் சோதிக்க மற்றொரு நிரலையே எழுதுவது இன்றைய நடைமுறை. 'இந்த உள்ளீட்டைத் தந்தால் இந்த விடை வர வேண்டும்' என்பதே சோதனை நிரலின் அடிப்படை வடிவம். ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள்கள் என்று கூறும் நிரலை எடுத்துக்கொள்வோம். 4ஆல் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு என்று ஒருவர் நிரல் எழுதுகிறார். 2023க்கு 365, 2024க்கு 366, 2000க்கு 366 என மூன்று சோதனைகள் எழுதப்படுகின்றன. மூன்றிலும் நிரல் வெற்றி பெறுகிறது. இனி இந்நிரலை நம்பலாமா?

1900ஆம் ஆண்டுக்கு எத்தனை நாள்கள் என்று கேட்டால் உண்மை வெளிப்படும். நூற்றாண்டு நிறையும் ஆண்டுகள் 400ஆல் வகுபட்டால் மட்டுமே நெட்டாண்டாகும். ஆகவே, 1900க்கு 365 நாள்களே. நிரலோ 366 என்கிறது. முதல் மூன்று வினாக்களால் வெளிவராத பிழையை நான்காம் வினா வெளிக்கொணர்ந்தது. சோதனையில் வெற்றி என்பதற்குப் பிழையே இல்லை என்பது பொருளன்று. கேட்ட வினாக்களில் பிழை அகப்படவில்லை என்பதே அதன் பொருள். இந்த உண்மையை இப்பாடம் முழுவதும் நினைவில் கொள்ள வேண்டும்.

சோதனைகள் பல நிலைகளில் அமையும். நிரலின் சிறு பகுதியொன்றைத் தனியே சோதிப்பது அலகுச் சோதனை. பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. முழு மென்பொருளையும் பயனாளர் இயக்குவதைப்போல் இயக்கிப் பார்ப்பது முழுமைச் சோதனை. முன்பு ஒழுங்காக இயங்கியது புதிய மாற்றத்தால் கெட்டுவிட்டதா என்று பழைய சோதனைகளையெல்லாம் மீண்டும் நடத்துவது பின்னடைவுச் சோதனை. ஒருமுறை கண்டுபிடித்த பிழைக்கு ஒரு சோதனையை எழுதிவைத்துவிட்டால், அதே பிழை மீண்டும் நுழையும்போது அச்சோதனை அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே, சோதனைத் தொகுப்பு என்பது ஒரு குழு தன் தவறுகளிலிருந்து கற்ற பாடங்களின் ஏடாகவும் விளங்குகிறது. குழுவை விட்டு ஒருவர் விலகினாலும் அவர் கற்ற பாடம் அதில் நிலைத்திருக்கும்.

தொடர் ஒருங்கிணைப்பு

சோதனைகளை எழுதிவைத்தல் ஒரு பணி. ஒவ்வொரு முறையும் அவற்றை நடத்துதல் மற்றொரு பணி. ஆயிரக்கணக்கான சோதனைகளை நாள்தோறும் கையால் நடத்த எவராலும் இயலாது. களைப்பும் அவசரமும் மனித இயல்பு. 'சிறிய மாற்றந்தானே' என்று சோதிக்காமல் விடுவதும் மனித இயல்பே. முற்காலத்தில் பல குழுக்கள் மாதக்கணக்கில் தனித்தனியே நிரல் எழுதி, இறுதியில் ஒருசேர இணைத்தன. அப்போது வெளிப்படும் முரண்களைத் தீர்ப்பதற்கே மேலும் பல வாரங்கள் கழியும்.

1990களின் பிற்பகுதியில் இதற்கு நேர்மாறான ஒரு நடைமுறை வலுப்பெற்றது. 'இணைப்பது கடினம் என்றால், அதனை அடிக்கடி செய்ய வேண்டும்' என்பதே அதன் அடிப்படை. மாற்றங்களைச் சிறிது சிறிதாக, நாள்தோறும் இணைத்து, இணைக்கும் ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டால், பிழை தோன்றிய சில நிமிடங்களிலேயே அகப்படும். எழுதியவர் நினைவிலும் அது பசுமையாக இருக்கும். இதனைத் தொடர் ஒருங்கிணைப்பு என்பர்.

இப்பணியைத் தானியங்கி முறையில் செய்யும் மென்பொருள்கள் 2001ஆம் ஆண்டளவில் தோன்றின. அவ்வகையில் பெயர்பெற்ற 'ஹட்சன்' என்னும் மென்பொருள் 2011இல் 'ஜென்கின்ஸ்' எனப் பெயர் மாறி இன்றும் வழக்கில் உள்ளது. அத்தகைய அமைப்பில் ஒரு மாற்றம் கடக்கும் படிகளைக் காண்போம்.

நிரலாளர் தம் கிளையில் எழுதிய மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புகிறார். அது வந்துசேர்ந்த அக்கணமே கணினியில் பணித்தொடர் தொடங்குகிறது. முதலில் மூலநிரல், கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றப்படுகிறது. அடுத்து அலகுச் சோதனைகள் நடைபெறுகின்றன. அவை விரைவில் முடிவதால் முன்னே வைக்கப்படுகின்றன. பின்னர் ஒருங்கிணைப்புச் சோதனைகள் நடைபெறுகின்றன. எந்தப் படியில் பிழை வந்தாலும் பணித்தொடர் அங்கேயே நின்று, எழுதியவருக்குச் செய்தி செல்கிறது. எல்லாப் படிகளையும் கடந்த மாற்றத்தை உடன் பணியாற்றும் மற்றொருவர் படித்துப் பார்த்து இசைவளிக்கிறார். அதன்பின்னரே அது பொது நிரலில் சேர்கிறது. புதிதாக வந்த மாணவர் எழுதியதாயினும் தலைமை நிரலாளர் எழுதியதாயினும் படிகள் ஒன்றே. அறிமுகமும் பதவியும் இங்கே செல்லா; சோதனையில் தேறுதலே செல்லும்.

தனி மேகம் எதற்கு?

பணித்தொடரை இயக்குவதற்குக் கணினிகள் வேண்டும். அவை தூய்மையானவையாகவும் இருத்தல் வேண்டும். 'என் கணினியில் ஒழுங்காக இயங்குகிறதே!' என்பது மென்பொருள் கூடங்களில் அடிக்கடி கேட்கும் சொல். எழுதியவர் கணினியில் முன்பே நிறுவப்பட்ட ஏதோ ஒரு துணைநிரல் அதற்குக் காரணமாக இருக்கலாம். அது இல்லாத வேறொரு கணினியில் அதே நிரல் இயங்காது. பந்தியில் அமரும் ஒவ்வொருவருக்கும் புதிய வாழையிலை இடுவதைப்போல, ஒவ்வொரு சோதனைக்கும் புதிய கணினி ஒன்று கிடைத்தால் இக்குழப்பம் நீங்கும்.

உண்மையான கணினியை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க இயலாது. ஆனால், ஒரு பெரிய கணினியின் ஆற்றலைப் பகிர்ந்து, அதற்குள் பல மெய்நிகர் கணினிகளை மென்பொருளாலேயே உருவாக்கலாம். அவற்றினும் எளிய கொள்கலன்கள் சில நொடிகளிலேயே உருவாகிவிடும். சோதனை முடிந்ததும் அவை அழிக்கப்படுகின்றன. அந்தக் கணினி எவ்வாறு அமைய வேண்டும் என்னும் குறிப்பும் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, மூலநிரலோடு களஞ்சியத்திலேயே வைக்கப்படுகிறது. ஆகவே, நேற்று நடந்த சோதனையை நாளை அதே சூழலில் மீண்டும் நடத்த முடியும்.

இவ்வாறு கணினி ஆற்றலை வேண்டும்போது வேண்டிய அளவு பெறும் முறையை மேகக் கணிமை என்கிறோம். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரையறை, மேகத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறது. கட்டணம் செலுத்தி எவரும் பயன்படுத்தக்கூடியது பொது மேகம். ஒரே நிறுவனத்தின் பயன்பாட்டுக்கென அமைந்தது தனி மேகம். ஒத்த நோக்கமுடைய சில நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வது குழும மேகம். இவற்றுள் இரண்டோ பலவோ இணைந்தது கலப்பு மேகம்.

தனி மேகத்தை ஒரு நிறுவனம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் உள்ளன. வங்கி, மருத்துவம், பாதுகாப்பு போன்ற துறைகளில் மூலநிரலும் தரவுகளும் தம் கட்டுப்பாட்டை விட்டு வெளியே செல்லக்கூடாது என்னும் தேவை இருக்கலாம். சோதனைகள் இரவு பகலாக ஓயாது நடைபெறும் இடத்தில், வாடகை செலுத்துவதைவிடச் சொந்தக் கணினிகள் சிக்கனமாக அமையலாம். சிறப்புக் கருவிகளோடு நேரடியாக இணைத்துச் சோதிக்க வேண்டிய தேவையும் இருக்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. கணினிகளை வாங்குதல், குளிரூட்டுதல், பழுதுபார்த்தல், பாதுகாத்தல் ஆகிய யாவும் அந்நிறுவனத்தின் பொறுப்பாகின்றன. ஆற்றலுக்கும் எல்லை உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் மாற்றங்களை அனுப்பினால், சோதனைகள் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

தனி மேகம் அமைப்பதற்கு உதவும் 'ஓப்பன்ஸ்டாக்' என்னும் திறந்த மூல மென்பொருளை நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் இணைந்து 2010இல் தொடங்கின. பல நிறுவனங்களைச் சேர்ந்தோர் கூடி எழுதும் அம்மென்பொருளின் வளர்ச்சியே தொடர் ஒருங்கிணைப்பைச் சார்ந்தது. அதற்கென அவர்கள் உருவாக்கிய 'ஸூல்' என்னும் கருவி, வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனியே சோதிப்பதில்லை. முன்னே நிற்பவை தேறிவிடும் எனக் கொண்டு, அவற்றோடு சேர்த்தே சோதிக்கிறது. முன்னே நின்ற ஒன்று தவறினால், அதனை நீக்கிவிட்டுப் பின்னே உள்ளவற்றை மீண்டும் சோதிக்கிறது. கிலோமீட்டர், மீட்டர் எடுத்துக்காட்டில் நாம் கண்ட முரணை, அதற்குரிய சோதனை எழுதப்பட்டிருக்குமாயின், இணைக்கும் முன்பே பிடிக்கும் உத்தி இதுவாகும்.

செர்ன்: திரும்ப வாராத நொடிகள்

இவ்வனைத்தும் ஒருங்கே இயங்கும் இடங்களுள் ஒன்று, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில் 1954இல் தொடங்கப்பட்ட செர்ன் ஆய்வகம். பிரான்சு, சுவிட்சர்லாந்து எல்லையில், நிலத்துக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் அங்கே துகள்கள் மோதவிடப்படுகின்றன. 2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது இங்கேதான். அதனைக் கண்டறிந்த இரு பெரும் குழுக்களுள் ஒன்றான 'அட்லஸ்', ஏறத்தாழ 40 நாடுகளைச் சேர்ந்த அறிவியலாளர்களைக் கொண்டது. அவர்களுள் பலர் நிரலும் எழுதுகின்றனர். ஆனால், மென்பொருள் அவர்களது முதன்மைத் துறையன்று. மாணவர்கள் வருவர், பட்டம் பெற்றுச் செல்வர், அவர்கள் எழுதிய நிரல் எஞ்சி நிற்கும்.

அந்நிரலில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? துகள் கற்றைகள் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அவ்வளவு தரவையும் சேமித்துவைக்க இயலாது. ஆகவே, முதலில் மின்னணுக் கருவிகளும் பின்னர் மென்பொருளும் அவற்றைச் சலித்தெடுக்கின்றன. 2015 முதல் 2018 வரை நடந்த ஓட்டத்தில், அட்லஸ் கருவி நொடிக்கு 4 கோடியை 1 இலட்சமாகவும், அதனை ஏறத்தாழ 1,000ஆகவும் குறைத்துப் பதிவுசெய்தது. மற்றவை அக்கணமே கைவிடப்பட்டன. சலிக்கும் நிரலில் பிழை இருந்தால், அரிய நிகழ்வொன்று குப்பையோடு போய்விடும். பின்னர் பிழையைத் திருத்தினாலும் அந்த நொடி திரும்ப வாராது. எனவே, நிரல் கருவிக்குச் செல்லும் முன்பே சோதிக்கப்பட்டாக வேண்டும்.

2013ஆம் ஆண்டு ஜூலையில் செர்ன் 'ஓப்பன்ஸ்டாக்' கொண்டு தன் தனி மேகத்தைப் பணியில் இறக்கியது. முன்பு ஒரு கணினி வேண்டுமெனக் கேட்டுப் பெற நெடுநாள் காத்திருந்த அறிவியலாளர், மெய்நிகர் கணினியைச் சில நிமிடங்களில் தாமே உருவாக்கிக்கொள்ளும் நிலை வந்தது. மூலநிரலைக் காக்கும் களஞ்சியத்தையும் செர்ன் தன் கணினிகளிலேயே நடத்துகிறது. அங்குள்ள ஆய்வுக் குழுக்கள் இரவுதோறும் தம் நிரல் முழுவதையும் புதிதாக உருவாக்கிச் சோதிக்கின்றன. காலையில் வரும் அறிவியலாளர் முதலில் காண்பது அந்த இரவின் தேர்ச்சிப் பட்டியலையே. மாற்றமொன்றை இணைக்க வேண்டுமெனில், அதற்கு முன்பே அது தனியாகவும் சோதிக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

இன்று நாம் பயன்படுத்தும் உலகளாவிய வலை, செர்னில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது. 1993இல் செர்ன் அதன் மென்பொருளை அனைவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவுடைமையாக்கியது. செர்ன் வளாகத்தில் 2 மீட்டர் உயரமுள்ள நடராசர் திருவுருவம் ஒன்று நிற்கிறது. இந்திய அரசு அளித்த அந்த அன்பளிப்பு 2004ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது.

எட்டில் ஒன்று

சோதித்த நிரலை உரிய கணினிகளில் கொண்டுசேர்ப்பதும் தானியங்கி முறையில் நடைபெற வேண்டியதன் தேவையை 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் உலகம் கண்டது. அமெரிக்கப் பங்குச்சந்தையில் இயங்கிய நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில், புதிய நிரலை 8 சேவையகக் கணினிகளில் இட வேண்டியிருந்தது. அப்பணி கையால் செய்யப்பட்டது. 7 கணினிகளில் இட்டவர் எட்டாவதை விட்டுவிட்டார். இரண்டாமவர் ஒருவர் அதனைச் சரிபார்க்கும் விதியும் அங்கில்லை. எட்டாவது கணினியில் எஞ்சியிருந்த பழைய நிரல் உயிர்பெற்று, வாங்குவதும் விற்பதுமாகக் கட்டளைகளைப் பொழிந்தது. 45 நிமிடங்களில் அந்நிறுவனம் 40 கோடி டாலருக்கும் மேல் இழந்தது.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. அன்று சந்தை தொடங்கும் முன்பே, பழுதைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களைக் கணினி அந்நிறுவனத்தாருக்கு அனுப்பியிருந்தது. அவற்றைப் பொருட்படுத்திச் செயல்பட்டோர் இல்லை. எச்சரிப்பதோடு பொறியின் கடமை முடிகிறது. செவிமடுப்பது மனிதரின் கடமை.

பொறியும் பொறுப்பும்

சரிபார்க்கும் நிரலிலேயே பிழை இருந்தால்? 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. அப்புதுப்பிப்பு தானியங்கிச் சரிபார்ப்பைக் கடந்தே வெளிவந்தது. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; நிரல் தந்ததோ 20. அவ்வேறுபாட்டைச் சரிபார்க்கும் நிரல் பிடிக்கவில்லை. முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்து, பின்னர் படிப்படியாக விரிவாக்கியிருந்தால் இழப்பு சிறிதாகியிருக்கும். அதுவும் நடக்கவில்லை.

ஏரியானில் கேட்கப்படாத வினா, நெட்டாண்டு நிரலில் விடுபட்ட 1900, இங்கே எண்ணப்படாத இருபத்தொன்றாம் உள்ளீடு ஆகிய மூன்றும் ஒன்றையே உணர்த்துகின்றன. பொறி ஓயாது, மறவாது, முகம் பார்த்து ஒருவரை விட்டுக்கொடுக்காது. நாம் எழுதிவைத்த வினாக்களை ஆயிரம் முறையும் அதே கவனத்தோடு கேட்கும். ஆனால், நாம் எண்ணிப் பார்க்காத வினாவைத் தானாகக் கேளாது. சில சோதனைகள் காரணமின்றி ஒருநாள் தேறி, மறுநாள் தவறும். அவற்றைத் திருத்தாது விட்டால், எச்சரிக்கையைப் புறக்கணிக்கும் பழக்கம் குழுவில் வேரூன்றிவிடும். தானியங்கி முறை மனித உழைப்பைக் குறைக்கிறது. மனிதப் பொறுப்பைக் குறைப்பதில்லை.

பலர் கூடிச் செய்யும் பணியில் நம்பிக்கை இன்றியமையாதது. ஒருவர் பெயரையோ பதவியையோ பார்த்து வரும் நம்பிக்கை, குழு பெரிதாகும்போது போதாமற்போகிறது. 'என் பணியை யாரும் எப்போதும் சோதிக்கலாம்' என்று ஒவ்வொருவரும் இசையும்போது பிறக்கும் நம்பிக்கையே ஆயிரம் கைகளை ஒரே நிரலில் இணைக்கிறது. நாளை மென்பொருள் எழுதப்போகும் மாணவர், விடை எழுதும் திறனோடு, பிறர் கேளாத வினாவைக் கேட்கும் திறனையும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. நெட்டாண்டைக் கண்டறியும் விதிகளை எழுதி, அவற்றைச் சோதிப்பதற்கு ஏற்ற ஆறு ஆண்டுகளைத் தேர்ந்தெடுக்க. ஒவ்வோர் ஆண்டையும் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கூறுக.

2. உங்கள் வகுப்பில் நால்வர் கொண்ட குழு அமைத்து, பள்ளி ஆண்டுமலருக்கு ஒரே கட்டுரையைப் பகுதி பகுதியாக எழுதி இணைக்க. இணைக்கும்போது தோன்றிய முரண்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் எவற்றை முன்பே தவிர்த்திருக்கலாம் எனக் கலந்துரையாடுக.

3. 'தானியங்கி முறை மனிதப் பொறுப்பைக் குறைப்பதில்லை' – பாடப்பகுதியில் இடம்பெற்ற நிகழ்வுகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.

4. மருத்துவமனை ஒன்று தன் மென்பொருளைத் தனி மேகத்தில் உருவாக்கிச் சோதிப்பதால் விளையும் நன்மைகளையும் இடர்களையும் ஒப்பிட்டு எழுதுக.